பத்துக்கும் ஏழுக்கும் நடுவே: ஒரு பேரரசின் இரண்டு குழந்தைகள்

1

'வெள்ளைக்காரன் பிள்ளையைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்துகிறான். நாம் மார்மேல் போட்டு வளர்க்கிறோம்.' பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த வாக்கியம் ஏதாவதொரு உருவில் வந்து சேர்ந்துவிடுகிறது. சொல்கிறவர் பழம்பெருமைக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. காலனிய எதிர்ப்பைத் தீவிரமாகப் பேசும் நண்பர்களும் இதைச் சொல்கிறார்கள். எதிர்த்தரப்பிலிருந்து பதில் வருகிறது: 'அங்கே பிள்ளையை ஒரு மனுஷனா மதிக்கிறான், இங்கே அடிச்சுத்தானே வளர்க்கிறோம்.' சண்டை சூடாக நடந்தாலும் இரண்டு தரப்புக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை. நாடு இரண்டு, பண்பாடு இரண்டு, ஆகவே குழந்தைப் பருவமும் இரண்டு. அவை தனித்தனியே வளர்ந்து வந்தவை என்கிற நம்பிக்கை.

குழந்தைப் பருவம் என்பதே வரலாற்றில் உருவாகி வந்த ஒன்று என்று 1960இல் பிலிப் அரியேஸ் எழுதினார். பிரெஞ்சு ஓவியங்களையும் மேல்தட்டுக் குடும்பங்களின் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடமும் தனிக்குடும்பமும் சேர்ந்து குழந்தையைப் பெரியவர்களின் உலகத்திலிருந்து பிரித்தெடுத்த கதையை அவர் சொன்னார். அந்தக் கதையில் காலனி கிடையாது. ஐரோப்பியக் குழந்தை ஆலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன அதே பத்தாண்டுகளில், அதே அரசின்கீழ், வேறொரு குழந்தை ஆலைக்குள் போய்க்கொண்டிருந்தது என்பது அரியேஸின் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிட்டது. இங்கிலாந்தையும் இந்தியாவையும் ஒப்பிட நினைக்கிற நாம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. தாலாட்டையும் தொட்டிலையும் ஒப்பிடுவதற்கு முன்னால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2

1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இங்கிலாந்தின் நெசவாலைகளில் 9 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 9லிருந்து 13 வரை உள்ளவர்களுக்கு வாரம் 48 மணி நேரம், அதோடு தினம் இரண்டு மணி நேரப் படிப்பு. 1844இல் வயதை எட்டாகக் குறைத்தார்கள். பதிலுக்குப் பாதி நாள் வேலை, பாதி நாள் பள்ளி என்கிற 'அரைநேர' முறை வந்தது. 1874இல் குறைந்தபட்ச வயது பத்தாயிற்று. 1880இல் 5 முதல் 10 வயது வரை பள்ளிக்குப் போவது கட்டாயம் என்றானது. இதெல்லாம் கருணையினால் மட்டும் நடந்ததல்ல. தொழிலாளர் இயக்கம், மதவாதச் சீர்திருத்தக்காரர்கள், படித்த கூலி தேவைப்பட்ட புதிய எந்திரங்கள் என்று பல கைகள் சேர்ந்து தள்ளின.

ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1881இல் இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. எந்திரத்தால் இயங்கும், 100 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும் அது பொருந்தும். தேயிலை, காப்பித் தோட்டங்கள் அதற்குள் வரவில்லை. குறைந்தபட்ச வயது ஏழு. 7 முதல் 12 வயதுவரை தினம் 9 மணி நேரம் வேலை வாங்கலாம். பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆக அந்த ஆண்டில் ஒரே ராணியின் கீழ், லங்காஷயரில் ஆலை வாசலில் நிற்க ஒரு பிள்ளைக்குப் பத்து வயது ஆகவேண்டும். பம்பாயில் ஏழு ஆனால் போதும். நடுவில் இருக்கும் மூன்று வருஷத்துக்கு என்ன பெயர் வைப்பது? பண்பாட்டு வேறுபாடு என்றா?

இந்தச் சட்டத்தைக் கேட்டு நெருக்கியவர்களில் முன்னால் நின்றவர்கள் லங்காஷயர் ஆலை முதலாளிகள். பம்பாய் ஆலைகள் மலிவான உழைப்பை வைத்துக்கொண்டு போட்டிக்கு வந்துவிட்டன. அங்கேயும் சட்டம் போட்டால் செலவு ஏறும். பம்பாய்ப் பிள்ளைமேல் மான்செஸ்டருக்கு வந்த பாசம் இப்படிப்பட்டது. தேசியப் பத்திரிகைகளுக்கு இந்தச் சூது நன்றாகவே தெரிந்தது. அதைச் சொல்லியே சட்டத்தை எதிர்த்தார்கள். ஏகாதிபத்தியச் சதியை அம்பலப்படுத்திய கையோடு ஏழு வயதுப் பிள்ளையை நூற்புக் கருவியின் பக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். சுதேசி முதலாளியின் லாபம் தேசத்தின் லாபம் ஆகிவிட்டபோது அந்தப் பிள்ளை தேசத்துக்குள் வராமல் போனது. ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்று 1884இல் பம்பாயில் சங்கம் கட்டியவர், ஜோதிராவ் ஃபுலேயின் சத்தியசோதக் இயக்கத்தைச் சேர்ந்த நாராயண் மேகாஜி லோகாண்டே. சீர்திருத்தத்துக்கும் தேசியத்துக்கும் நடுவே மூன்றாவது குரல் ஒன்று இருந்தது என்பதற்காக இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

3

வளர்ப்பு என்று எடுத்துக்கொண்டால் முதலில் தாய் மேல்தான் கண் போகும். இங்கிலாந்தில் ஆலைக்குப் போன தாய்மார்கள் கைக்குழந்தை தூங்கிக் கிடப்பதற்காக அபின் கலந்த 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' என்ற மருந்தைக் கொடுத்தார்கள். 1845இல் எங்கெல்ஸ் இதைப் பதிவு செய்கிறார். 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் பொதுச் சுகாதார அறிக்கைகளை வைத்து இதையே திரும்பவும் பேசுகிறார். பல பத்தாண்டுகள் கழித்து, 1920களில், பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் பற்றிய அறிக்கைகளில் அதே காட்சி வருகிறது. தாய் வேலைக்குப் போகும்முன் பிள்ளைக்கு அபின் உருண்டை கொடுக்கிறாள். 'பாலகோலி' என்று அதற்குப் பெயர்.

நிகழ்வு ஒன்றுதான், விளக்கம்தான் இரண்டு. இங்கிலாந்தில் நடந்தபோது அது உழைக்கும் வர்க்கத் தாயின் அறியாமை, ஒழுக்கக் குறைவு என்று எழுதப்பட்டது. பம்பாயில் நடந்தபோது சுதேசிப் பழக்கம், கீழைத்தேய மூடத்தனம் என்றானது. அங்கே தாய் குற்றவாளி, இங்கே பண்பாடு குற்றவாளி. காலையில் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் வேலை நேரம் இரண்டு விளக்கத்திலும் காணாமல் போகிறது. பாலூட்ட இடைவேளை தராத முதலாளி மீது ஒரு தூசிகூடப் படுவதில்லை. 'பண்பாட்டு வேறுபாடு' என்கிற சொல்லாடல் செய்கிற வேலை இதுதான். கூலியைப் பழக்கமாக மாற்றிக் காட்டும் வேலை அது.

நாமும் இந்த விளக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுப் பெருமை கொள்கிறோம். 'அக்காள் இடுப்பில் தம்பி வளர்வது நம்ம ஊர் வளர்ப்பு' என்று மெய்சிலிர்க்கிறோம். அந்த அக்காளுக்கு ஏழு வயது, அவள் பள்ளிக்குப் போகவில்லை, அம்மா நாற்று நடப் போயிருக்கிறாள் என்கிற சங்கதியை யாரும் கேட்பதில்லை.

4

வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கதைக்கு வருவோம். 1865 கடைசியில் பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், ஆறு வயது முடிவதற்குள், 1871இல் தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். சவுத்சீ என்ற ஊரில் முன்பின் தெரியாத குடும்பம் ஒன்றில் காசு கொடுத்து விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். 1877 வரை அங்கேதான் இருந்தான். அடியும் அவமானமும் பட்ட அந்த வருஷங்களைப் பிற்பாடு கதையாகவும் தன்வரலாறாகவும் எழுதினார். சின்ன வயதில் தான் யோசித்தது ஆயாவிடமும் வேலையாளிடமும் கற்ற மொழியில் என்றும், அதிலிருந்து மொழிபெயர்த்துத்தான் பெற்றோரிடம் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசினதாகவும் சொல்கிறார். ஆங்கிலேயப் பேரரசின் கவிஞனுக்கு ஆங்கிலம் அம்மா அப்பாவிடம் மட்டும் பேசுகிற மொழியாக இருந்திருக்கிறது!

உத்தியோகத்திலிருந்த வெள்ளைக் குடும்பங்கள் இதைப் பரவலாகச் செய்தன. வெயில், காய்ச்சல் என்று காரணம் சொன்னார்கள். காய்ச்சல் உண்மைதான். ஆனால் அதற்கு ஈடாக இன்னொரு பயமும் இருந்தது. வேலைக்காரர்களின் மொழி நாக்கில் ஒட்டிக்கொள்ளும், உச்சரிப்பு கெடும், பிள்ளை 'கலந்துபோகும்'. இங்கிலாந்துப் பள்ளி முத்திரை இல்லாவிட்டால் பெரிய உத்தியோகமும் கிடைக்காது. அனுப்பக் காசில்லாதவர்களுக்கு மலைநகரப் பள்ளிகள். உதகையில் 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி முதலில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான காப்பகமாகத்தான் இருந்தது. வெள்ளை நிறத்துக்குள்ளேயும் வர்க்கம் உண்டு. தனியறைக் குழந்தை என்று நாம் கேலி செய்கிற அந்த ஆங்கிலேயக் குழந்தைப் பருவத்தில் ஒரு பகுதி, காலனியை ஆள்வதற்காகத் தாயிடமிருந்து பிடுங்கிப் பயிற்றுவிக்கப்பட்ட பருவம். அதை ஆங்கிலேயப் 'பண்பாடு' என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

சரி, அந்தப் பிள்ளைகளை வளர்த்தது யார்? 'ஆயா' என்கிற சொல்லே போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. ஆங்கிலக் குடும்பங்களோடு கப்பலேறி, கடல்நோயிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு லண்டன் வரை போன ஆயாக்கள் உண்டு. இறங்கியதும் கணக்கு முடித்து நிறுத்தப்பட்டவர்கள், திரும்ப டிக்கெட் இல்லாமல் நின்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் 'ஆயாக்கள் இல்லம்' இருந்தது. 1900இல் அது ஹாக்னிப் பகுதிக்கு மாறியது. அந்தக் கட்டடத்தில் 2022இல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள். இந்த ஆயாக்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்குமே, அவர்களை யார் தூக்கி வளர்த்தார்கள்? ஆவணக் காப்பகத்தில் கிப்ளிங்கின் கண்ணீருக்கு இடம் இருக்கிறது. ஆயாவின் பிள்ளை அழுததா என்று கேட்கக்கூட அங்கே ஒரு தாள் இல்லை. இரண்டு நாட்டின் பிள்ளை வளர்ப்பும் சந்தித்துக்கொண்ட இடம் அந்தப் பெண்ணின் மடி. ஒரு பிள்ளைக்கு அது கிடைத்ததென்றால் இன்னொன்றிடமிருந்து எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

5

பெண் குழந்தை விஷயத்தில் எண்கள் இன்னும் விகாரமாகின்றன. இங்கிலாந்தில் உடலுறவுக்கு இசைவு தரும் வயது 12ஆக இருந்தது. 1875இல் 13 ஆனது. சிறுமிகள் விலைக்கு வாங்கப்படுவது குறித்துப் பத்திரிகையாளர் ஸ்டெட் எழுதிய தொடர் கிளப்பிய கொந்தளிப்பில், 1885இல் 16 ஆனது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் வைத்த வயதோ பத்து. 1890இல் கல்கத்தாவில் ஃபூல்மணி தாசி என்ற சிறுமி கணவனின் வன்முறையால் இறந்தாள். அவள் பத்து வயதைத் தாண்டியிருந்ததால் வன்புணர்ச்சிக் குற்றம் நிற்கவில்லை; கணவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு 1891இல் வயதைப் பன்னிரண்டாக்கினார்கள். அதையும் மதத்தில் கைவைப்பது என்று திலகர் எதிர்த்தார்.

இதை 'நாகரிக இங்கிலாந்து, காட்டுமிராண்டி இந்தியா' என்று படிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் ஒரு பெண் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளக்கூடிய வயது 1929 வரை பன்னிரண்டுதான். அந்த ஆண்டில்தான் 16 ஆக்கினார்கள். அதே 1929இல் இங்கே சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது. அங்கே 12 வயதுக் கல்யாணம் நடைமுறையில் அநேகமாக இல்லை, இங்கே இருந்தது என்பது மெய். ஆனால் சட்டத்தின் உத்தமத்தனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தேதியையும் சேர்த்துப் பேசவேண்டும்.

அந்தச் சிறுமிகளில் ஒருத்தி பேசியும் இருக்கிறாள். 11 வயதில் மணம் செய்து வைக்கப்பட்ட ருக்மாபாய், கணவனோடு வாழப் போக மறுத்தார். 1887இல் நீதிமன்றம் கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்றது. சிறைக்குத் தயார் என்றார். 1885இல் பெயர் வெளியிடாமல் அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில், இந்தக் கல்யாணம் தன் படிப்பைப் பறித்துவிட்டது என்பதும் ஒரு முக்கியப் புகார். பிற்பாடு இங்கிலாந்து போய் மருத்துவரானார். இந்து மரபா, விக்டோரியச் சட்டமா என்று ஆண்கள் மோதிக்கொண்டிருந்தபோது அவர் தனக்கு மறுக்கப்பட்ட பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார்.

6

காலனியச் சொல்லாடலில் ஒரு வேடிக்கையான முரண் உண்டு. குடியேற்ற நாட்டு மக்களே குழந்தைகள், ஆகவே அவர்களுக்கு ஆளத் தெரியாது, கைபிடித்து நடத்தவேண்டும் என்பது பேரரசின் தத்துவம். அசிஸ் நந்தி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த நாட்டின் நிஜக் குழந்தை மட்டும் 'வெப்ப நாட்டில் சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறது'. வளர்ந்தவன் குழந்தை, குழந்தை வளர்ந்தவன்! வாக்குரிமை கேட்டால் இன்னும் வயது வரவில்லை என்பார்கள். வேலைக்கு வைக்கும்போது வயது வந்துவிட்டது என்பார்கள்.

இந்த வெப்ப நாட்டு வாதம் சர்வதேசச் சட்டத்திலும் ஏறியது. 1890இல் பெர்லினில் கூடிய தொழிலாளர் மாநாடு குறைந்தபட்ச வேலை வயது 12 என்று பரிந்துரைத்தது. தென்பகுதி நாடுகளுக்கு மட்டும் 10. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு தொழில்துறைக்கு 14 வயது என்று உடன்படிக்கை செய்தது. அதிலேயே தனி விதி ஒன்று போட்டு இந்தியாவுக்கு அது பொருந்தாது, இங்கே 12 போதும் என்றார்கள். உலகக் குழந்தைக்குப் பதினாலு, இந்தியக் குழந்தைக்குப் பன்னிரண்டு. 1931இல் விட்லி ஆணையம் அறிக்கை தந்தபோது, சட்டத்துக்கு வெளியே இருந்த சிறு பட்டறைகளில் ஐந்து வயதுப் பிள்ளைகள் இரண்டணாக் கூலிக்கு நாளொன்றுக்கு 10, 12 மணி நேரம் உழைப்பதைக் கண்டிருந்தது. அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை போன்ற இடங்களில் முன்பணத்துக்குப் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதையும் அது எழுதியது. அடகைத் தடைசெய்ய 1933இல் ஒரு சட்டம் வந்தது.

7

'குழந்தைப் பருவமே ஐரோப்பியக் கருத்தாக்கம், அதை ஏன் நம்மேல் திணிக்கவேண்டும்' என்று இப்போது கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கோட்பாட்டு மோஸ்தரில் இந்தக் கேள்வி புத்திசாலித்தனமாகத் தெரியும். நம் வரலாறு இதற்கு வேறு பதில் வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் கட்டாயக் கல்வி வந்து இரண்டே ஆண்டில், 1882இல், ஹண்டர் கல்விக் குழுவிடம் மனுக் கொடுத்த ஜோதிராவ் ஃபுலே, வெகுமக்களுக்குத் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கு, குறைந்தது 12 வயது வரைக்கும் என்று கேட்டார். அப்போது இங்கிலாந்தின் எண்ணே பத்துதான்! சூத்திர, அதிசூத்திரப் பிள்ளைக்கு ஃபுலே கேட்டது இங்கிலாந்துப் பிள்ளைக்குக் கிடைத்ததைவிட அதிகம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணின் திருமண வயது 16க்கு மேல் இருக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. லண்டன் பாராளுமன்றம் 16க்கு வந்து சேர்ந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. இவர்கள் ஐரோப்பாவைப் பார்த்து நகலெடுத்தவர்கள் அல்ல. சாதி யாரைக் குழந்தையாக இருக்கவிடவில்லையோ அவர்கள் பக்கத்திலிருந்து எண்ணிச் சொன்னவர்கள்.

மறுபக்கம் 1911இல் கோகலே கட்டாயக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது, 1912இல் அது 38க்கு 13 என்று தோற்றது. அரசு உறுப்பினர்களோடு நிலவுடைமையாளர்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். எல்லாப் பிள்ளையும் பள்ளிக்குப் போனால் மாடு மேய்ப்பது யார்? காசில்லை என்றது அரசு. அதே சமயம் பரோடா சமஸ்தானத்தில் 1906லிருந்தே கட்டாயக் கல்வி நடந்துகொண்டிருந்தது.

8

நம் ஊருக்கு வந்தால் கதை இன்னும் கிட்டத்தில் தெரியும். இங்கிலாந்து தன் 'அரைநேர' முறையை 1918 சட்டத்தால் ஒழித்தது. 1953இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்துக் கிராமப் பள்ளிகளில் படிப்பை மூன்று மணி நேரமாக்கி, மீதி நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. லங்காஷயர் பிள்ளையின் பாதி நாள் ஆலைக்குப் போனது என்றால் நம் பிள்ளையின் பாதி நாள் சாதிக்குப் போனது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார். 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது. குலக்கல்வியை நியாயப்படுத்தியவர்களும் 'நம் மரபில் பிள்ளை தகப்பனிடம் கற்றுக்கொள்ளும்' என்றுதான் சொன்னார்கள். மரபு! யாருடைய தகப்பன், என்ன தொழில் என்று கேட்டவுடன் அந்தச் சொல் திக்கித்துப் போகிறது.

1992இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தபோது, வேலைக்கான குறைந்தபட்ச வயதை எல்லாத் துறையிலும் உடனடியாக நிர்ணயிக்க இயலாது, படிப்படியாகத்தான் என்று இந்தியா தனிப் பிரகடனம் ஒன்றை வைத்தது. 1919இல் வெள்ளைக்காரன் நமக்காகக் கேட்டு வாங்கிய சலுகையை 1992இல் நாமே நமக்குக் கேட்டுக்கொண்டோம். 1996இல் சிவகாசி வழக்கில் உச்சநீதிமன்றம், வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் தரவேண்டும் என்றது. 2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2016இல் குழந்தை உழைப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள்: 14 வயதுக்குக் கீழ் வேலை கூடாது, ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், ஆபத்தில்லாத 'குடும்பத் தொழிலில்' பிள்ளை உதவலாம். மறு ஆண்டே குறைந்தபட்ச வயது பற்றிய சர்வதேச உடன்படிக்கையிலும் கையெழுத்தானது. குடும்பத்தை மதிக்கிற, மரபைக் காக்கிற திருத்தம் என்று அதற்கு விளக்கம் வந்தது. டாக்டர் வீட்டுப் பிள்ளை லீவில் ஊசி போடப் பழகும் என்பதற்காக இந்தச் சட்டத்தைத் திருத்தவில்லை. தறியிலும் சூளையிலும் தீப்பெட்டி ஒட்டும் திண்ணையிலும் இருக்கிற குடும்பங்களுக்கான வாசல் அது. அந்த வீடுகளுக்குள் எந்த ஆய்வாளரும் போய்ப் பார்க்கப்போவதில்லை.

ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை யாராவது 'அவன் வளர்ப்பு வேறே, நம்ம வளர்ப்பு வேறே' என்று ஆரம்பித்தால் மடி, தொட்டில், தனியறை எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் சொல்கிற அந்தப் பிள்ளைக்கு என்ன வயது, அது இப்போது யார் வீட்டில் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது?